ஏழாவது கை

என் அக்காவுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி எடுப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு படகோட்டியைக் கட்டிக்கொண்டாள். போதாததற்கு, எங்கள் விரிகுடாவுக்கு வரும் திமிங்கிலங்களைப் பாதுகாக்கும் சங்கத்தில் செயலாளராகவும் போய் உட்கார்ந்தாள். ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு, ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கூட்டம் போட இடமில்லை என்று என்னிடம் புலம்பினாள். என் சலவைக் கடையின் மாடி அறையைக் கொடுத்தேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை என் தலைக்கு மேல் நாற்காலிகள் இழுபடும், ஒருவரை ஒருவர் பேசவிடாமல் எல்லோரும் பேசுவார்கள்.

பிழைப்புக்கு அவள் பார்ப்பது காது பரிசோதனை. மருத்துவமனையின் பின்பக்கம் ஓர் அறை, அதற்குள் வெளிச்சத்தம் நுழையாத ஒரு கூண்டு. வருகிறவரை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். இவள் வெளியே இருந்து சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள். காது மந்தம் என்று ஒப்புக்கொள்ள ரோஷப்பட்டு, கேட்காத சத்தத்துக்கும் அமுக்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் அவள் எதுவும் சொல்வதில்லை. ஒலியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள், அவர்கள் அப்போதும் அமுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி அமுக்கியவர்களில் ஒருவர்தான் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவருக்குக் காதில் மெஷின் வைத்துக் கொடுத்தாள். அந்த நன்றிக்கு அவர் இவளைச் சங்கத்தில் இழுத்துப் போட்டார். கூட்டத்தில் சண்டை முற்றினால் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். “சங்கத்துல நிம்மதியா இருக்கற ஒரே ஆள் அவர்தான்டா” என்பாள் அக்கா.

தலைவரின் முகத்துக்காகத்தான் முதலில் போனாள். பிறகு ஒருநாள், தண்ணீருக்கடியில் மைக் இறக்கிப் பதிவு செய்த ஒலியைச் சங்கத்தில் கொடுத்தார்கள். அதைத் தன் கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். சலவை மெஷின்கள் போடுகிற கூச்சலில் அவள் சொன்னது எனக்குப் பாதிதான் விழுந்தது.

“தாயும் குட்டியும் கத்திப் பேசிக்கறதில்லடா. ரகசியம் மாதிரி பேசிக்குதுங்க. வெளிய கேட்டா எதாவது வந்து குட்டியைத் தின்னுடும்னு பயம்.”

“சரி, அதுக்கு நீ ஏன் அழறே?”

“நடுவுல படகு வருது. படகு வந்தா ஒண்ணுமே கேக்கல. தாய் எங்க இருக்குன்னு குட்டிக்குத் தெரியாது.”

நான் சிரித்துவிட்டேன். ஊரில் மனிதர்களே பெற்ற தாய் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, இவள் மீனுக்கு அழுகிறாள் என்றேன். திமிங்கிலம் மீன் இல்லை என்று என் தலையில் குட்டினாள்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் குட்டியோடு சில தாய்கள் விரிகுடாவின் வாய்ப்பகுதிக்கு வரும். தாய் இரை எடுக்காது. பால் கொடுத்துவிட்டு, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் மிதந்து தூங்கும். தீவுக்குப் போகும் வேகப் படகின் பாதையும் அதே வாய்தான். அந்தப் படகை ஓட்டுவது என் அத்தான்.

அத்தானும் அக்காவும் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தால் தப்பு. அவர் ஒரு கல்லுளிமங்கன். பேச்சு வராது, வந்தால் நேராக வரும். சீருடைச் சட்டைகளைச் சலவைக்குப் போட வந்தபோது அவரே ஒருநாள் ஆரம்பித்தார்.

“மச்சான், போன சீசன்ல ரெண்டு தடவை மயிரிழையில தப்பிச்சேன். பக்கத்துல போற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது.”

“மெதுவாப் போக வேண்டியதுதானே அத்தான்?”

“அஞ்சு நிமிஷம் லேட்டானா ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேக்கறான். நானா மெதுவாப் போனா என் சீட்ல வேற ஆள் உட்காருவான், அவன் இன்னும் வேகமாப் போவான். துறைமுகத்துலேர்ந்து உத்தரவு வரட்டும். டிரிப் குறையும், காசும் குறையும். குறைஞ்சிட்டுப் போகுது. உன் அக்காகிட்ட சொல்லு, எப்படியாவது அந்த உத்தரவை வாங்கச் சொல்லு.”

அவளிடம் நேரில் சொன்னால் என்ன என்று கேட்டேன். சட்டைகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவும் அதற்குத்தான் வருடக்கணக்காகத் துறைமுக அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் அங்கிருந்த அதிகாரி இறங்கி வந்தார். சங்கம் முறையாகத் தீர்மானம் போட்டுக் கொடுத்தால், குளிர்காலம் முழுக்க விரிகுடா வாயில் வேகத்தைப் பாதியாகக் குறைக்க உத்தரவு போடுகிறேன் என்றார். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. எதிர்ப்பவர்களில் முதல் ஆள் தீவில் விடுதி வைத்திருப்பவர். அவருடைய விருந்தாளிகள் எல்லோரும் அந்தப் படகில்தான் போக வேண்டும். மற்ற இருவர் அவர் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அடுத்து வருகிறது. தாழியை உடைத்தது வெளியாள் இல்லை.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. உறுப்பினருடைய குடும்ப வருமானம் ஒரு விஷயத்தோடு சம்பந்தப்பட்டிருந்தால், ஓட்டெடுப்பின்போது அவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். சுற்றுலாப் படகு வைத்திருந்த ஒருவர் முன்பு குழுவில் உட்கார்ந்துகொண்டு, திமிங்கிலத்தைத் தொட்டுப் பார்க்கும் தூரத்துக்குப் படகைவிட அனுமதி வாங்கிக்கொண்டிருந்தார். அவரை அடக்குவதற்காகக் கொண்டுவந்த விதி. அதை எழுதியவள், போராடி நிறைவேற்றியவள், நிறைவேறிய அன்று எனக்குக் கேக் வாங்கி வந்தவள் என் அக்கா.

கூட்ட நாளன்று மாலை நான் விடுதியின் படுக்கை விரிப்புகளை உலர்த்தும் மெஷினிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், அதே விடுதிக்காரருடைய விரிப்புகள்தான், என் பெரிய வாடிக்கை அவர். அக்கா படியிறங்கி வந்தாள். மேலே பேச்சுக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“என்னக்கா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“ஓட்டெடுப்பு நடக்குது. விடுதிக்காரர் விதியை ஞாபகப்படுத்தினார்.” ஒரு விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். “பிடி, மடிப்போம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவருக்குச் சம்பந்தம் இல்லையாமா?”

“என் வருமானம் விருந்தாளிங்ககிட்டேர்ந்து வருது, படகுலேர்ந்து வரலன்னார்.”

“நீ கேட்டுக்கிட்டு வந்துட்டே. வேகம் குறைஞ்சா அத்தானுக்கு நஷ்டம். உன் வீட்டுக்கு நஷ்டமா நீயே ஓட்டுப் போடப் போறே. இதுல உனக்கு என்ன சுயநலம்? மேல போய் உட்காருக்கா.”

“விதில லாபமா நஷ்டமான்னு இல்லடா. சம்பந்தம் இருக்கான்னுதான் இருக்கு.”

“அதை எழுதினவளே நீதானே, மாத்திப் பேசேன்.”

“நானே மீறினா அப்புறம் அது எதுக்கு இருக்கு?”

ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவளுக்கு நான் என்ன சொல்ல? நாங்கள் விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கினோம். முனைகளைச் சேர்க்க அவள் என்னருகே வந்தபோதெல்லாம் கண்கள் மேலே போயின. ஒன்று சொல்ல வேண்டும். அவள் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அயோக்கியர்கள் கெட்டியாக உட்கார்ந்திருந்தார்கள், யோக்கியமானவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மூன்றுக்கு மூன்று. சமமானால் தீர்மானம் விழுந்துவிடும். தலைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தார். காதில் மெஷின் இல்லை. “அடுத்த வருஷம் திரும்பக் கொண்டு வருவோம்மா” என்றார். அக்கா என்ன பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

குளிர்காலம் வந்தது. மேகமோ பனியோ இல்லாத ஒரு காலையில், நான் கடை திறந்து கொஞ்ச நேரத்தில், அத்தான் உள்ளே வந்து சலவைக்கு வந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவரை நான் கரையில் பார்த்ததே இல்லை.

“மச்சான், நான் பாக்கல.”

எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

“பெரிசு. படகு தூக்கிப் போட்டுது. திரும்பிப் பாத்தா தண்ணியெல்லாம் செவப்பு. பக்கத்துல சின்னது நின்னுக்கிட்டிருக்கு.” தம்ளரைக் கீழே வைத்தார். “அவகிட்ட நீ சொல்லிடு” என்றார்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சங்கத்தின் அவசர எண் அவளுடைய கைப்பேசிதான். பயணி ஒருவர் படகிலிருந்தே கூப்பிட்டுவிட்டிருந்தார். வேலையை விட்டு ஓடிவந்தவள் அத்தானுக்கு எதிரே நின்றாள். திட்டப் போகிறாள் என்று பயந்தேன். அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “உங்க தப்பு இல்லைங்க” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று தெரிந்ததால் நான் உள்ளே போய்விட்டேன்.

தாய் மூழ்கிவிட்டது. குட்டி எங்கேயும் போகவில்லை. மாலையில், எஞ்சின் அணைந்து துறையில் கட்டிக் கிடந்த படகின் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. படகின் அடிப்பகுதியை மூக்கால் முட்டி முட்டிப் பால் தேடியது. ஊரே துறையில் கூடி நின்று பார்த்தது. நான் நடுத்தர வயதைத் தாண்டியவன், கடன்காரனுக்கும் சாவுக்கும் கலங்காதவன். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன்.

மறுநாள் அக்கா ஒரு யோசனை சொன்னாள். குட்டி படகைத்தான் தாய் என்று நினைக்கிறது. படகை மெதுவாக வெளிக்கடலுக்கு ஓட்டிப் போனால் பின்னாலேயே வரும், அங்கே பால் கொடுக்கும் வேறு தாய் ஏதாவது சேர்த்துக்கொள்ளலாம். பயணிகள் இல்லாமல் படகை விடக் கம்பெனி சம்மதித்தது. அத்தான் ஓட்டினார். வாந்தி எடுத்தபடி அக்காவும் கூடப் போனாள். ஆள் நடக்கும் வேகத்துக்குப் படகு விரிகுடா வாயைத் தாண்டியது. அவள் கேட்ட வேகத்தில் அது பாதிகூட இல்லை. குட்டி பக்கத்திலேயே போனது. வெளியே திமிங்கிலம் எதுவும் இல்லை. இருட்டும் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள், குட்டியும் திரும்பியது.

துறைமுக அதிகாரி யாரும் கேட்காமலே வேகத்தைக் குறைத்து உத்தரவு போட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாளாக ஆக குட்டியின் முதுகு ஒடுங்கி, கழுத்துப் பக்கம் பள்ளம் விழுந்தது. அது குடிக்கிற அளவு பாலும் இல்லை, கொடுக்கிற வழியும் இல்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் இரக்கம் என்றார். ஆனால் சங்கத்தின் சம்மதம் வேண்டும், அதுவும் குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருடைய சம்மதமும்.

அன்று மாடியில் கூட்டம் நடந்தபோது நாற்காலி இழுபடவில்லை. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. நான் கீழே விரிப்புகளை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். படகு சம்பந்தப்பட்டது, அத்தான் சம்பந்தப்பட்டவர், விதிப்படி அவள் இறங்கி வந்தாக வேண்டும். வரவில்லை. கடைசியில் எல்லோருமாகத்தான் இறங்கினார்கள். விடுதிக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். அடுத்த லோடு நாளைக்கு வரும் என்று சொல்லவும் மறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா வந்தாள். வழக்கம்போல் விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

“என்னக்கா முடிவு?”

“எல்லாரும் கை தூக்கினோம். காலைல ஊசி.”

“நீ வெளிய வரவேயில்லையே?”

“வரணும்னுதான்டா எழுந்தேன்.” விரிப்பை உதறினாள். “விடுதிக்காரர்தான் சொன்னார், இப்ப எதுக்கும்மா விதி, உட்காருங்க, உங்க ஓட்டு வேணும்னு.”

முனைகளைச் சேர்க்க அவள் என் பக்கம் வரவில்லை. நான்தான் அவளிடம் போனேன்.