விடு என்ற சொல்

யுத்த காலத்தில் ஜெயங்கொண்டம் பக்கம் பாலம் கட்டினோம். கப்பிக் கயிற்றை இழுத்துக் கல்லை மேலேற்றுவது என் வேலை. கல் சுவரில் உட்கார்ந்ததும் மேலிருந்து கொத்தனார் "விடு" என்பார். கயிற்றை விடுவேன்.

அன்று கல் பாதி உயரத்தில் தொங்கியது. மேஸ்திரி தன்னை ஏசியதைச் சொல்லி, கீழே நின்ற சித்தாள் அஞ்சலை புலம்பினாள்.

"அட, விடு!" என்றார் கொத்தனார்.

விட்டுவிட்டேன்.

கல் அவள் காலருகே மண்ணில் புதைந்தது. அவள் இரண்டடி தள்ளி நின்று, மேலே கொத்தனாரைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே கல்லு ஒக்காந்தா 'ஒக்காந்துருச்சு'ன்னு சொல்லுங்க. அந்த 'விடு' வேணாம்ங்க."

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அதுவே முதல் பாடமானது.

இன்றும் வீட்டில் யாராவது "போனாப் போவுது, விடுங்க" என்றால், எதைப் பிடிப்பதென்று தெரியாமல் என் கை இறுகுகிறது.