மாரிக்கனி சொல்லாமல் விட்ட வார்த்தை

பரளச்சியில் மாரிக்கனியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஷேர் ஆட்டோக்காரரிலிருந்து பருத்திக்காட்டு முதலாளி வரை யாரையும் விட்டுவைக்க மாட்டாள். பெற்ற மகளிடம்தான் அவள் பேச்சு எடுபடாமல் கிடந்தது.

மகள் சுவாதிக்கு ஐந்து வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் என்னும் தோல் நோய். சொறிந்து சொறிந்து ரத்தம் கசியும். போன தை மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் சோதனைக்காகத் தோலில் துளி வெட்டி எடுத்தார்கள். "வலிக்காது தாயி" என்று சொல்லி இறுக்கிப் பிடித்துக்கொண்டவள் மாரிக்கனிதான். மரத்துப்போக ஊசி குத்தியபோதே பிள்ளை வீறிட்டது. அன்றிலிருந்து களிம்பு தடவக்கூட அம்மாவை அண்ட விடுவதில்லை, எல்லாம் செய்வது அப்பா சந்தனம்தான். பெற்றவளுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

இன்றைக்குச் சந்தனம் வேலைக்குப் போய்விட்டான். கரப்பான் நோய் ஆராய்ச்சிக்காக வீட்டுக்கு வந்த நர்ஸ் ஜெப ஷீலா, வட்ட வட்டமான சின்ன டேப்புகளை எடுத்து வைத்தாள். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. ஒரே இடத்தில் ஒட்டி, அழுத்தி, உரித்து, அடுத்த டேப்பை ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் மேல்தோல் பொடி கொஞ்சம் வரும். அதற்காக நேற்றிலிருந்து எண்ணெயோ களிம்போ தடவவில்லை. பிள்ளை ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே கிடந்தது.

சுவாதி சுவரோடு ஒண்டி நின்றாள். "வலிக்குமா?"

வலிக்காது என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாரிக்கனி விழுங்கிக்கொண்டாள்.

"தெரியல தாயி. வலிச்சாச் சொல்லு, அந்த நிமிசமே நிப்பாட்டச் சொல்லிருதேன்."

வெகுநேரம் முறைத்துவிட்டுப் பிள்ளை கையை நீட்டியது. முதல் டேப். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதை உரித்ததும் சுவாதி சொன்னாள்: "வலிக்குது."

"இன்னும் கொஞ்சந்தாங்க்கா," என்றாள் ஷீலா. "பாதியில விட்டா எடுத்ததெல்லாம் வீணாப் போயிரும்."

இன்னொரு நாள் எடுப்பதென்றால் இன்னொரு மருந்தில்லாத ராத்திரி. பிள்ளை படும் பாடு மாரிக்கனியின் கண்முன் வந்து நின்றது.

"நிப்பாட்டுங்க சிஸ்டர். வீணாப் போனாப் போகட்டும். அவகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

ஷீலா டேப்பைக் கீழே வைத்தாள். சுவாதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல வந்து அவள் மடியில் உட்கார்ந்து, ஷீலாவிடம் கையை நீட்டினாள்.

"வலிக்கவே இல்லம்மா. நீ நிப்பாட்டச் சொல்லுவியான்னு பாத்தேன்."

மாரிக்கனி வாய்விட்டு அழுதாள்.