அடைத்த ஜன்னல்

பென்னாகரத்தில் எங்கள் ஓட்டு வீட்டைத் தளம் போட்ட மெத்தை வீடாக்குவதற்காக அழைத்த கொத்தனார் அவர். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பென்சில். எந்தச் சுவரையும் கரண்டிப் பிடியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார்.

என் மகள் காசநோயில் படுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊசி மாத்திரை போகத் தபால் சேமிப்பில் மிஞ்சியது தளத்துக்கு மட்டுமே போதும். மெத்தை வீடென்றால் அவளுக்கு நல்ல வரன் வரும் என்று நம்பினேன்.

அவள் அறைச் சுவரைத் தட்டியவர் நிமிர்ந்தார்.

“இங்க ஜன்னல் இருந்துச்சுங்களா?”

“இருமல் தெருவுக்குக் கேட்டா யாருங்க பொண்ணு கேட்டு வருவாங்க? நான்தான் அடச்சேன்.”

“அடச்சா இருமல் நின்னுருமாங்க சார்? வூடு எங்கயும் ஓடிராது. அந்தப் பணத்துல புள்ளைக்குப் பாலு முட்டை வாங்குங்க. மொதல்ல அது எந்திரிக்கட்டும்.”

அன்றே செங்கற்களை உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். “தளம் போடறப்ப ஆகும், வைங்க” என்றார். வெயில் கட்டில்வரை வந்தது. மகள் கண்கூசச் சிரித்தாள்.

அவள் இப்போது நடக்கிறாள். கற்கள் அப்படியே இருக்கின்றன. என்ன நோய் என்று அவர் கேட்கவே இல்லை. கைக்கு வந்த இரண்டு மாத வேலையை ஏன் விட்டார் என்று நானும் கேட்கவில்லை. இதற்கு முன் யாருடைய வீட்டில் அப்படியொரு சுவரைத் தட்டியிருப்பார்?