ஒன்பது பேருக்கு ஐந்து ஏக்கர்

போன வாரம் தஞ்சாவூர் பஸ்ஸில், பாபநாசத்தில் ஒருவர் வேப்பம் புண்ணாக்கு மூட்டையோடு ஏறி, அதை என் காலடியில் இறக்கிவைத்தார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இங்கிலீஷ் கிராமர் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

படித்து முடித்த கையோடு நான் டியூஷன் சென்டர் நடத்தியது ஓர் உரக்கடை மாடியில். கீழே புண்ணாக்கு, மேலே இலக்கணம். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடவு சமயத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்கள் ஒன்பது பேருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். நான் எம்.ஏ. இங்கிலீஷ்தான். ஆனால் அந்த மொழியில் நான் ஒருவரிடம் பேசியது வைவாவில் மட்டும், அதுவும் பெரும்பாலும் ‘எஸ் சார்’. பேசத் தெரியாதவள் பேசக் கற்றுத்தர ஒரே வழி மனப்பாடம். நம் பக்கத்தில் அதை யாரும் குறை சொல்வதில்லை.

ஆகவே கரும்பலகையில் ஒரு சுய அறிமுகம் எழுதிப்போட்டேன். என் அப்பா விவசாயி, எங்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது, வயலுக்கு நடுவே வளர்ந்ததால் பொறுமை கற்றுக்கொண்டேன். அப்பாவும் ஐந்து ஏக்கரும் என்னுடையவை. பொறுமை யாருடையதோ தெரியவில்லை. ஒன்பது பேரும் என் அப்பாவை நெட்டுருப் போட்டார்கள்.

கலைமதி மட்டும் கையைத் தூக்கினாள். நடவு, களை என்று கூலிக்குப் போகிற குடும்பம். அந்த வீட்டில் முதல் டிகிரி அவள்தான். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் என்னிடம் சேர்ந்திருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி என்று அவள் வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள்.

“மிஸ், எங்களுக்கு நெலம் கெடையாது. நான் என்ன சொல்றது?”

“இதையே சொல்லு. அவங்க என்ன சிட்டா, அடங்கலா கேக்கப்போறாங்க?”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பது பேரும் ஒரே பஸ்ஸில் இன்டர்வியூவுக்குப் போனார்கள். ஒரே அறைக்கு ஒரே அப்பாவோடு ஒன்பது பேரை அனுப்புகிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. நாலாவது ஆள் வாயைத் திறந்ததும், “அஞ்சு ஏக்கர்தானே?” என்று இன்டர்வியூ எடுத்தவரே எடுத்துக்கொடுத்தாராம். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். சிரித்துக்கொண்டே மூன்று பேரை எடுத்துக்கொண்டார். கடைசியாக உள்ளே போன கலைமதி அந்த மூன்று பேரில் இல்லை.

மறுநாள் மாடிக்கு வந்தாள்.

“சிட்டா கேக்கல மிஸ். எந்த ஊர்னு கேட்டாரு. சொன்னேன். எந்தத் தெருன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன். அந்தத் தெருவுல யாருக்கு அஞ்சு ஏக்கர்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நீங்க எழுதிப்போட்டதுல அதுக்குப் பதில் இல்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. அவளுக்கு நேர்ந்த அவமானத்தை நான்தான் அழகான கையெழுத்தில் எழுதி, நாலு வாரம் ஒப்பிக்கவைத்திருந்தேன்.

“இப்ப நானா ஒண்ணு சொல்லட்டுமா மிஸ்?” என்று எழுந்து நின்றாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடுகிறார்கள், நானும் நட்டிருக்கிறேன், அதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று இங்கிலீஷில், தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். அந்த மாடியில் ஒருவர் இங்கிலீஷ் பேசி நான் கேட்டது அன்றுதான். கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன். என்னிடம் கொடுக்க வேலை எதுவும் இல்லை.

புதன்கிழமை அவள் திருப்பூர் போனாள். அடுத்த ஞாயிறு ஐந்து பேர் வந்தார்கள். கரும்பலகையைத் துடைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு அந்த வகுப்பு நடக்கவே இல்லை.

இப்போது செல்போனே இங்கிலீஷ் சொல்லித்தருகிறது. தப்பாகச் சொன்னாலும் பாராட்டுகிறதாம். உரக்கடை இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை. அவள் தெருவுக்கு ஒருமுறை போய்க் கேட்டுப் பார்த்தேன். அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாளாம், திருப்பூர்ப் பக்கம் எங்கேயோ இருப்பாள் என்றார்கள். திருப்பூர் பெரிய ஊர்.