வெடித்த காயின் விதை

கனடாவில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஓர் ஏரிக்கரை ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மர்டாக்குக்கு வயது அறுபத்தொன்று. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரில் பேர். போன ஏப்ரல் வரைக்கும் அவரும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஊரில் இலையுதிர் காலம் என்றால் பூசணிதான். இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத காய்களை வளர்த்து, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை எடை போடுவார்கள். மதியம் அதே காய்களைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து, ஏரியில் துடுப்புப் போட்டுப் பந்தயம் விடுவார்கள். விதை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அங்கே கிடையாது.

மூன்று வருடமாக எடையில் முதல் பரிசு மர்டாக்குக்கே. ஏப்ரலில் கால்வின் வந்து, ஜெயித்த காயின் விதை இரண்டு கேட்டார். கால்வின் தச்சர்; பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர். கொடுக்க மனமில்லை, இல்லை என்று சொல்ல வாயும் இல்லை. முந்தின செப்டம்பரில் அடி வெடித்துப்போன வேறொரு காயின் விதையை உறையில் போட்டு, மேலே ஜெயித்த காயின் விதை என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மர்டாக். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் விதையிலேயே மறைத்துவிட்டார்.

அந்த விதையில் வந்த காய் என்னடாவென்றால் கால்வின் தோட்டத்தில் ஊதிக்கொண்டே போனது. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவார் மர்டாக். கால்வின் காப்பி கொடுப்பார். குடிக்கக் குடிக்க வயிறு எரியும்.

எடை போட்ட அன்று மர்டாக்கின் காய் ஐந்நூற்று எண்பத்தெட்டு கிலோ. கால்வினுடையது அறுநூற்று முப்பத்து நான்கு. ஜெயித்தவர் விதை கொடுத்தவரின் பேரை மைக்கில் சொல்ல வேண்டும். கால்வின் மர்டாக்கின் பேரைச் சொன்னார். ஊரே எழுந்து கைதட்டியது. தனக்குப் போட்டியாக வரப்போகிறவனுக்கே நல்ல விதையைக் கொடுத்த பெரிய மனசு என்று நாலு பேர் முதுகில் தட்டினார்கள். மர்டாக் கூசிப்போனார். என்ன செய்ய, சிரித்துத் தொலைத்தார்.

மதியம் ஏரிக்கரையில் கால்வின் பந்தயத்துக்காகத் தன் காயைக் குடைந்து விதைகளை அள்ளிப் போட்டார். அதற்குள் விதை கேட்டு வரிசை நின்றுவிட்டது. ஒரு கட்டு உறைகளை மர்டாக்கின் மடியில் வைத்து, இந்தக் காய்க்குத் தாய் எந்தக் காய் என்று எழுதச் சொன்னார். மர்டாக் பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார். ஒரு பொய்யை நாற்பது தோட்டத்துக்கு அனுப்பவா என்று இருந்தது.

"கால்வின், நான் குடுத்தது அந்த விதை இல்லடா. வெடிச்சுப் போச்சே, அதோடது."

"தெரியும்." கால்வின் குடைவதை நிறுத்தவில்லை. "ஜெயிச்ச காயோட விதை காப்பி நிறம். போன வருஷம் உன்கூட உக்காந்து கழுவினது நான்தானே. நீ குடுத்தது பால் வெள்ளை."

"தெரிஞ்சுமா என் பேரை மைக்கில சொன்ன?"

"குடுத்தவன் பேரைத்தானே சொல்லணும். நீதானே குடுத்த." கால்வின் நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னைக்குச் சொல்லிருவான், இன்னைக்குச் சொல்லிருவான்னு காப்பி போட்டு வச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தேன்டா."

கால்வின் காயைத் தண்ணீரில் தள்ளி, ஏறி உட்கார்ந்து, துடுப்பை வலித்துப் போய்விட்டார். கரையில் மர்டாக்கும் உறைகளும் வரிசையும் மிச்சம்.

முதலில் நின்றது தபால் ஆபீஸ் ஹில்டா. "போன வருஷம் ஜெயிச்ச காயோட வாரிசுதானே மர்டாக்?"

"இல்லம்மா. வெடிச்ச காயோடது."

"கால்வின் மைக்கில அப்படிச் சொல்லலையே?"

"அவனை நான் ஏமாத்திட்டேன்."

ஹில்டா உறையை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தாள். அடுத்து நின்றவர் முன்னால் வந்து, ஜெயிச்ச காயோட வாரிசுதானே என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள்.