மைக்கைத் தொடும் முன்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்துகொண்டே கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் நான். ஒரு குழுவுக்கு ஒரு பேஸ்தான் என்பதால் அதே பேஸ் வாசிக்கும் என் நண்பன் குடியாத்தம் சாமுவேலும் நானும் ஒரே மேடையில் வாசித்ததில்லை. ஒருவருக்கு முடியாதபோது மற்றவர் போவது வழக்கம்.

சென்ற வருடம் எனக்குக் காய்ச்சல். "நீ படுடா, நான் பாத்துக்கறேன்" என்று சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அவன் போனான். நடுவில் கரண்ட் போனதால் ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள். அதற்கு எர்த் கொடுக்கவில்லை. கிட்டார் கம்பிகளில் கை வைத்தபடியே கோரஸ் பாட மைக்கில் வாய் வைத்தவனை ஷாக் தூக்கி எறிந்துவிட்டது.

உயிர் பிழைத்தான். இடது கை விரல்கள்தான் மடங்கவில்லை. இனி சரியாகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

"எனக்கு வரவேண்டியதுடா இது" என்று அழுதேன்.

"உனக்கு வந்திருந்தா மட்டும் இன்னா, நல்லாருக்குமா? என் கிட்டாரை எடுத்துக்கினு போய்டு. வூட்ல இருந்தா பாத்துக்கினே இருப்பேன்" என்றான்.

இப்போதெல்லாம் எந்த மேடையிலும் முதலில் மைக்கில் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறேன். அதில் வெளிச்சம் தெரிந்தால் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம்; வாசிப்பதில்லை. நான் கிளம்பும்போது சாமுவேல் போன் செய்து, "டெஸ்டர் எடுத்துக்கினியா?" என்பான். என்ன பாட்டு வாசிக்கிறோம் என்று ஒருநாளும் கேட்பதில்லை.