காய்ந்தே நின்ற சுவர்

போகிறவர்கள் பிழைக்கிறார்களா, காய்ந்தாலும் இடத்தைவிட்டு நகராதவர்கள் பிழைக்கிறார்களா? இன்பராஜை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. அவர் இப்படியெல்லாம் கேட்கிறவர் அல்ல.

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஸ்கெலட்டன் குடியிருப்பில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடு. சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். அது மூடிய பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை. மகன் ரோஹித் காலை ரயிலில் பெங்களூரு போய் இரவு திரும்பிக்கொண்டிருந்தான். பிறகு வாரம் ஒருமுறை வந்தான். பிறகு போன் மட்டும்.

வீட்டின் பின்சுவர் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. மேலே, வெயில் படும் மண் இடுக்குகளில் நீலப்பட்டைக் காட்டுத்தேனீக்கள் துளை போட்டு முட்டையிடும். ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம். கீழே, நிழலில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாசி. பக்கத்து லைனில் இருக்கும் கல்லூரி ஆசிரியை ஸ்வப்னா அதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தில் வேறெங்கும் கண்டதில்லை என்றார். அன்றிலிருந்து இரண்டையும் காப்பாற்றுவது தன் வேலை என்று இன்பராஜ் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரலில் பாசி கறுத்தது. டிரில் போடுமுன் தூசி பறக்காதிருக்கப் பாறையை நனைப்பார்களே, அதே பழக்கத்தில் தினமும் காலையில் குழாய் பிடித்துச் சுவரை மேலிருந்து கீழ்வரை நனைத்தார்.

“இன்னாய்யா, செவுத்தாண்ட ஷிப்டு பாக்குறியா?” என்றாள் மனைவி மங்கம்மா.

“ஓவர்டைமு.”

பாசி பச்சையானது. மே மாதம் ஒரு தேனீகூட வெளியே வரவில்லை. ஒரு துளையைக் குச்சியால் பிளந்து பார்த்தார். புழு, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. எட்டாவதோடு நிறுத்திக்கொண்டார்.

ஸ்வப்னா வந்து பார்த்தார். “பாசி காஞ்சாலும் சாவாது அங்கிள். மழை வந்தா தானா எழுந்துக்கும். தேனீக்குத்தான் காஞ்ச மண்ணு வேணும்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க கேக்கலியே.”

“இனிமே வருமா?”

“இங்க பொறந்ததுதான் இங்க திரும்பும். ஒண்ணும் பொறக்கலியே அங்கிள்.”

இன்பராஜைப் பெரிய மனிதர் என்று சொல்ல முடியாது. பிடித்த வேலையை விடமாட்டார், அவ்வளவுதான். கெடுத்ததும் அதுவே.

குழாயைச் சுருட்டி வைத்தார். பாசி மறுபடி கறுத்தது. ஜூனில் மேகம் திரண்ட அன்று, ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலிருந்து தகரம் வாங்கிவந்து, சாரல்கூடப் படாதபடி சுவருக்கு மேல் சாய்வாக இறக்கினார்.

“தேனீதான் இல்லியே,” என்றாள் மங்கம்மா. “பாசியாவது பொழைக்கட்டும். எடுத்துடுய்யா.”

அவர் கடைசி ஆணியை அடித்தார். அந்த மழைக்காலம் முழுவதும் சுவர் காய்ந்தே நின்றது.